நீர்மத் தேக்கத் தொட்டிக்கான நெகிழித் தேர்வு

நீர்மத் தேக்கத் தொட்டிக்கான நெகிழித் தேர்வு என்பது, ஒரு தொட்டியில் தேக்கப்படவிருக்கும் நீர்மத்தின் வேதித்தன்மை, அடர்த்தி, வெப்பநிலை, தொட்டி நிற்கும் இடத்தின் வெயில் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு அதற்குப் பொருத்தமான நெகிழியைத் தீர்மானிப்பதாகும். தண்ணீருக்கென வார்க்கப்பட்ட தொட்டி எல்லா நீர்மங்களுக்கும் பொருந்தாது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் இரு கறுப்புத் தொட்டிகளில் ஒன்று அமிலத்தைப் பல ஆண்டுகள் தாங்க, மற்றது சில மாதங்களிலேயே பிளக்கக்கூடும். தமிழ்நாட்டின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வீடு, ஊராட்சி, வேளாண்மை, சிமெந்து ஆலை என நான்கு வகைப் பயன்பாடும் அருகருகே இருப்பதால், இக்கட்டுரையில் அப்பகுதி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

பெயர் வழக்கு

தமிழ்நாட்டில் நெகிழித் தண்ணீர்த் தொட்டியை, எந்த நிறுவனம் செய்ததாயினும், 'சின்டெக்ஸ் டேங்க்' என்றே மக்கள் அழைக்கின்றனர். இது ஒரு வணிகப் பெயர். குசராத்து மாநிலம் கலோலில் இயங்கிய பாரத் விசய் மில்சு என்னும் துணியாலை 1975இல் தொடங்கிய நெகிழிப் பிரிவின் தயாரிப்புக்கு இடப்பட்ட பெயர் அது. அத்தொட்டிகளைச் செய்துவந்த சின்டெக்ஸ்-பிஏபிஎல் நிறுவனத்தை 2023இல் வெல்சுபன் குழுமம் கையகப்படுத்தியது. இலங்கைத் தமிழில் தொட்டியைத் 'தாங்கி' என்பர்.

வணிகப் பெயர் பொதுப்பெயராக மாறியதில் ஒரு சிக்கல் உண்டு. 'சின்டெக்ஸ்' என்று கேட்டு வாங்குபவர் எந்த நெகிழி என்று கேட்பதில்லை. கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுவே.

இடமும் நீரும்

பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2001இல் பிரிந்த அரியலூர், 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. பெரம்பலூரின் மேற்குப் பகுதி பச்சைமலையை ஒட்டிய கடும்பாறை நிலம். கிழக்கே செல்லச் செல்ல, கிரீத்தேசியக் காலக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல் அடுக்குகள் வருகின்றன. தொல்லுயிர் எச்சங்களுக்குப் பெயர்பெற்ற இவ்வடுக்குகளை நம்பியே அரியலூரைச் சுற்றிச் சிமெந்து ஆலைகள் எழுந்தன. அரசு நிறுவனமான தமிழ்நாடு சிமெந்துக் கழகத்தின் ஆலையும் இங்குள்ளது.

சுண்ணாம்புக்கல்லின் ஊடே ஊறிவரும் நிலத்தடி நீரில் கால்சியம் பைகார்பனேட்டு மிகுந்திருக்கும். இது கடினநீர் ஆகும். வெயிலில் சூடாகும்போது இதிலிருந்து கால்சியம் கார்பனேட்டு வெள்ளைப் படிவாகப் பிரிந்து தொட்டியின் சுவரிலும் குழாயிலும் ஒட்டிக்கொள்கிறது. இப்படிவு நெகிழியை அரிப்பதில்லை. ஆனால் அதை நீக்க மக்கள் கையாளும் அமிலமே நெகிழித் தேர்வை இப்பகுதியில் முக்கியமான ஒன்றாக ஆக்குகிறது. இரும்புத் தொட்டி துருப்பிடித்து, சிமெந்துத் தொட்டி வெடிப்புவிட்ட ஊர்களில் நெகிழித் தொட்டி விரைவாகப் பரவியது இயல்பே. தெருவோரத்தில் சிறு மின்விசைப் பம்புடன் மேடைமீது நிற்கும் ஊராட்சித் தொட்டியை இம்மாவட்டங்களில் பரவலாகக் காணலாம்.

பாலியெத்திலீன்

தொட்டிகளில் மிகப் பெரும்பாலானவை பாலியெத்திலீனால் ஆனவை. பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. ஆய்வகத்தில் 1933இல் எரிக் பாசெட்டு, இரெசினால்டு கிப்சன் ஆகிய இருவரும் மிகை அழுத்தச் சோதனை ஒன்றில் எதிர்பாராமல் இதைக் கண்டனர். 1953இல் செருமானிய வேதியியலாளர் கார்ல் சீக்லர் குறைந்த அழுத்தத்தில் இதை உருவாக்கும் வினையூக்கியைக் கண்டறிந்தபின், கிளைகள் குறைந்த, செறிவான எச்.டி.பி.இ. என்னும் உயரடர்த்திப் பாலியெத்திலீன் கிடைத்தது. மூலக்கூறுச் சங்கிலியில் குறுங்கிளைகள் மட்டும் அளவாக இருக்குமாறு செய்யப்படும் வகை எல்.எல்.டி.பி.இ., அதாவது நேரியல் தாழடர்த்திப் பாலியெத்திலீன் ஆகும்.

வீட்டு மாடியில் நிற்கும் தொட்டி பெரும்பாலும் எல்.எல்.டி.பி.இ. வகையே. இது சுழல்வார்ப்பு முறையில் செய்யப்படுகிறது. நெகிழித் தூளை உள்ளீடற்ற அச்சில் இட்டு, அச்சை இரு அச்சுகளைப் பற்றிச் சுழற்றியபடியே உலையில் சூடேற்றுவர். தூள் உருகி அச்சின் உட்சுவரில் படிந்து, குளிர்ந்ததும் ஒட்டுவாய் இல்லாத ஒரே உடலாக வெளிவரும். இம்முறையில் அழுத்தம் பயன்படுத்தப்படாததால் சுவரின் தடிப்பு எங்கும் துல்லியமாக ஒன்றாக இருப்பதில்லை.

நீல நிறத்தில் வரும் 200 லிட்டர் பீப்பாய் வேறு பிறப்பு. அது மூலக்கூற்று எடை மிகுந்த எச்.டி.பி.இ.யைக் காற்றால் ஊதி வார்த்தது. எச்.டி.பி.இ. எல்.எல்.டி.பி.இ.யை விட விறைப்பானது. கரைப்பான்கள் அதனுள் புகும் வேகமும் குறைவு. ஆயினும், விறைப்பு மிகுந்த நெகிழி எப்போதும் மேலானது என்று எண்ணுவது தவறு. பாலியெத்திலீனுக்கு 'சூழல் தகைவு விரிசல்' என்னும் ஒரு நோய் உண்டு. சோப்புக் கரைசல், துப்புரவு நீர்மம், சில ஆல்ககால்கள் ஆகியவை இந்நெகிழியைக் கரைப்பதில்லை. ஒரு துண்டை அவற்றில் சும்மா ஊறவைத்தால் ஒன்றும் ஆகாது. அதே துண்டை வளைத்துப் பிடித்து ஊறவைத்தால் வளைந்த இடத்தில் வெடிக்கும். நிரம்பிய தொட்டியின் சுவர் எப்போதும் இழுபட்டே நிற்பதால் அது வளைத்துப் பிடித்த துண்டுக்குச் சமம். இவ்வகை விரிசலை, பொருத்தமான தரத்து எல்.எல்.டி.பி.இ. சாதாரண எச்.டி.பி.இ.யை விட நன்கு தாங்கும். குடிசைத் தொழிலாகப் பினாயில், பாத்திரம் துலக்கும் நீர்மம் முதலியன செய்வோர் இதைக் கவனிக்கவேண்டும். 'தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒழுகவில்லை' என்பது இந்த இடத்தில் சோதனையே ஆகாது.

சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துச் செய்யப்படும் குறுக்குப்பிணைப்புப் பாலியெத்திலீனும் தொட்டிக்கு உண்டு. இது அடியையும் விரிசலையும் நன்கு தாங்கும். ஆனால் உருக்கி ஒட்டமுடியாது, மறுசுழற்சி செய்யவும் இயலாது.

பிற நெகிழிகள்

பாலிப்புரோப்பிலீன் ஏறத்தாழ 160 °செ வரை உருகாது. ஆகவே பாலியெத்திலீன் தளர்ந்துவிடும் சூட்டில் உள்ள நீர்மங்களுக்கு இது ஏற்றது. கடுங்குளிரில் நொறுங்கும் குறை இதற்கு உண்டெனினும் பெரம்பலூரில் அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்படவேண்டியவை இரண்டு. ஒன்று, காப்புச் சேர்மம் இல்லாத பாலிப்புரோப்பிலீன் வெயிலில் விரைவாக நலியும். மற்றொன்று, நைட்திரிக் அமிலம், சோடியம் ஐப்போகுளோரைட்டு போன்ற ஆக்சிசனேற்றிகளிடம் இது பாலியெத்திலீனை விடவும் எளிதில் தோற்கும்.

பாலிவினைல் குளோரைடு (பி.வி.சி.) அமிலங்களையும் ஐப்போகுளோரைட்டையும் நன்கு தாங்கும். ஆனால் 60 °செக்கு மேல் நம்பமுடியாது. கரிமக் கரைப்பான்கள் இதை வீங்கச் செய்யும். தொட்டியை விடக் குழாய்க்கே இது மிகுதியாகப் பயன்படுகிறது.

கண்ணாடி இழையால் வலுவூட்டப்பட்ட நெகிழி (எஃப்.ஆர்.பி.) விறைப்பானது என்பதால் பெரிய தொட்டிகளுக்கு ஏற்றது. இதன் ஆயுள், பயன்படுத்திய பிசினைப் பொறுத்தது. வீரியமுள்ள எரிசோடா கண்ணாடி இழையையே தின்னும். ஆகவே உள்ளே பாலிப்புரோப்பிலீன் சுவரும் வெளியே கண்ணாடி இழை நெகிழியும் கொண்ட இரட்டைத் தொட்டிகளை வேதித்தொழிலில் பயன்படுத்துகின்றனர். வேதிவேலையை உட்சுவரும் சுமக்கும் வேலையை வெளிச்சுவரும் ஏற்கின்றன.

பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் பொறிக்கப்பட்ட எண் இருந்தால், 2 எச்.டி.பி.இ., 3 பி.வி.சி., 4 தாழடர்த்திப் பாலியெத்திலீன், 5 பாலிப்புரோப்பிலீன் என்று கொள்ளலாம். 1988இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த எண்முறை மறுசுழற்சிக்காக வகுக்கப்பட்டது. அது தரத்தைக் குறிப்பதன்று.

வெயிலும் நிறமும்

சூரிய ஒளியின் புறவூதாக் கதிர்கள் நெகிழியின் சங்கிலிகளை அறுக்கின்றன. மேற்பரப்பு மங்கி, தூள் உதிர்ந்து, இறுதியில் நொறுங்கும். இதற்கு மலிவான, நம்பகமான மருந்து கரித்தூள் ஆகும். 2 முதல் 3 விழுக்காடு வரை நுண்ணிய கரித்தூளைச் சீராகக் கலந்தால் அது கதிரை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். தொட்டிகள் கறுப்பாக இருப்பதன் காரணம் இதுவே. ஒளி உள்ளே புகாததால் பாசியும் வளர்வதில்லை.

இதற்குக் கொடுக்கும் விலை சூடு. சித்திரை, வைகாசி மாதங்களில் இப்பகுதியில் பகல் வெப்பநிலை 40 °செயைத் தொடும். கறுப்புத் தொட்டியின் நீர் நண்பகலில் கைபொறுக்காத அளவு சூடாகும். வெளியே வெள்ளையும் நடுவே கறுப்பும் உள்ளே வெள்ளையுமாக மூன்றடுக்கில் வரும் தொட்டிகள் இதற்கான இடைவழியாகும். நடுவடுக்கு ஒளியைத் தடுக்க, வெளியடுக்கு வெப்பத்தைத் திருப்புகிறது. ஆனால் அடுக்குகளுக்கு இடையே மலிவான மறுசுழற்சி நெகிழியை ஒளித்துவைக்கவும் இதே அமைப்பு இடம்தருகிறது. அடுக்குகளின் எண்ணிக்கையைவிடத் தொட்டியின் எடையைக் கேட்பது பயன்தரும். ஒரே கொள்ளளவுள்ள இரு தொட்டிகளில் எடை குறைந்ததன் சுவர் மெல்லியதாகவே இருக்கும்.

அடர்த்தியும் சுவர்த் தடிப்பும்

தொட்டியின் சுவரை இழுப்பது நீர்மத்தின் அழுத்தம். அடிப்பகுதியில் அது மிகும். உருளைத் தொட்டிச் சுவரின் இழுதகைவைக் கீழ்க்காணும் வாய்பாட்டால் கணக்கிடலாம்.

தகைவு = (அழுத்தம் × விட்டம்) ÷ (2 × சுவரின் தடிப்பு)

1.8 மீட்டர் விட்டமும் 2 மீட்டர் உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 5,000 லிட்டர் கொள்ளும். அதன் அடிச்சுவரின் தடிப்பு 8 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். நிறையத் தண்ணீர் இருக்கையில் அடியில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 கிலோகிராம். தகைவு 0.2 × 180 ÷ 1.6, அதாவது 22.5 கிலோகிராம். பாலியெத்திலீன் தொட்டிகளை வடிவமைக்கும்போது, பல ஆண்டுகள் தொடர்ந்து இழுபட்டாலும் தாங்கும் தகைவாகச் சாதாரண அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 40 கிலோகிராமைக் கொள்வது வழக்கம். ஆகவே தண்ணீருக்கு இத்தொட்டியில் போதிய இடைவெளி உள்ளது.

இதே தொட்டியில் 50 விழுக்காடு எரிசோடாக் கரைசலை நிரப்பினால், அதன் ஒப்படர்த்தி 1.52 ஆதலால் தகைவு 34 ஆகும். ஒப்படர்த்தி 1.84 உள்ள 98 விழுக்காடு கந்தக அமிலத்தை நிரப்பினால் 41ஐத் தாண்டும். வேதிவினை எதுவும் நிகழும் முன்பே, எடையாலேயே தொட்டி எல்லையைத் தொட்டுவிடுகிறது. இந்த எல்லையும் நிலையானதன்று. 60 °செ அளவில் பாலியெத்திலீனின் நீண்டகாலத் தாங்குதிறன் அறை வெப்பநிலையில் இருப்பதில் ஏறத்தாழ பாதியாகக் குறையும். அரியலூர் வெயிலில் நிற்கும் கறுப்புச் சுவர் அறை வெப்பநிலையில் இருப்பதில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இவ்வகைத் தோல்வி உடனே தெரிவதில்லை. பாலியெத்திலீன் சுமையின்கீழ் மெல்ல மெல்ல நீளும் இயல்புடையது. நிரப்பிய அன்று உறுதியாக நின்ற தொட்டி மாதக்கணக்கில் வயிறு தள்ளி, ஒருநாள் பிளக்கும்.

இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எசு. 12701 (1996) சுழல்வார்ப்புப் பாலியெத்திலீன் தண்ணீர்த் தொட்டிகளுக்கான தரம் ஆகும். அதன் பெயரிலேயே தண்ணீர் என்று உள்ளது. ஐ.எசு.ஐ. முத்திரை இருப்பதால் அதில் அமிலம் ஊற்றலாம் என்று பொருளில்லை. வேதிப்பொருள் தொட்டியை வாங்கும்போது, எந்த ஒப்படர்த்திக்கு அது வடிவமைக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.

நீர்மங்களும் தேர்வும்

ஐதரோகுளோரிக் அமிலம்: இப்பகுதியில் மிகுதியாகப் புழங்கும் அமிலம் இதுவே. கடினநீரால் சொட்டுநீர்க் குழாய்களின் துளைகள் கால்சியம் கார்பனேட்டால் அடைபடும்போது, உழவர்கள் நீர்த்த அமிலத்தைச் செலுத்தி அப்படிவைக் கரைக்கின்றனர். சிமெந்து ஆலைகளைச் சார்ந்த மின்நிலையங்களில் கொதிகலனுக்கான நீரைத் தூய்மையாக்கும் பிசின்களைப் புதுப்பிக்கவும் இவ்வமிலம் தேவை. கடைகளில் கிடைக்கும் 30 முதல் 33 விழுக்காட்டு அமிலத்தை, சாதாரண வெப்பநிலையில் பாலியெத்திலீன் நன்கு தாங்கும். பெரிய அளவுக்குப் பாலிப்புரோப்பிலீன் உட்சுவர் கொண்ட இரட்டைத் தொட்டியோ இரப்பர் உறையிட்ட உருக்குத் தொட்டியோ வைப்பர். தொட்டி தாங்கினாலும் அதன் ஆவி தாங்காது. மூடியின் இரும்பு ஆணி, பித்தளைக் குழாய்முனை, அருகிலுள்ள பம்பு ஆகியவை முதலில் அரிபடும். இணைப்புகளும் நெகிழியாகவே இருக்கவேண்டும். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்றவேண்டுமே தவிர, அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது.

சோடியம் ஐப்போகுளோரைட்டும் சலவைத்தூளும்: குடிநீரில் கிருமி நீக்க ஊராட்சிகள் சலவைத்தூளையும் (பேச்சுவழக்கில் பிளீச்சிங் பவுடர்) நகர்ப்புற நிலையங்கள் ஐப்போகுளோரைட்டுக் கரைசலையும் பயன்படுத்துகின்றன. குடிநீரில் கலக்கும் சிறு அளவு தொட்டிக்குத் தீங்கு செய்யாது. செறிவான கரைசலைத் தேக்கும் தொட்டி வேறு கதை. அது பாலியெத்திலீனின் உட்பரப்பை மெல்ல ஆக்சிசனேற்றம் செய்து நொறுங்கவைக்கும். கரைசலும் வெப்பம், ஒளி, செம்பு, நிக்கல் போன்ற உலோகங்கள் ஆகியவற்றால் சிதைந்து ஆக்சிசனை வெளிவிடும். ஆகவே இத்தொட்டி ஒளிபுகாததாகவும் நிழலில் நிற்பதாகவும் வளிபோக்கி உடையதாகவும் இருக்கவேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய பொருளாகவே இதைக் கருதவேண்டும்.

மேலே கூறிய இரண்டும் ஒரே அறையில் இருப்பது பேரிடர். ஐப்போகுளோரைட்டோ சலவைத்தூளோ அமிலத்துடன் சேர்ந்தால் குளோரின் வளிமம் வெளிப்படும். தொட்டியின் வெள்ளைப் படிவை அமிலத்தால் கழுவிய கையோடு, அலசாமல் சலவைத்தூளைத் தூவுவது உயிருக்கே ஆபத்தானது. தொட்டிக்குள் இறங்கி இதைச் செய்பவருக்கு வெளியேற நேரம் கிடைக்காது. நெகிழி இரண்டையும் தாங்கும், நுரையீரல் தாங்காது.

பஞ்சகவ்வியம், சீவாமிர்தம்: இயற்கை வேளாண்மை செய்வோர் சாணம், கோமியம், வெல்லம் முதலியவற்றைப் பீப்பாயில் ஊறவைக்கின்றனர். நொதித்தலில் உண்டாகும் மென்னமிலங்கள் உலோகத்தை அரிக்கும், எச்.டி.பி.இ.யை ஒன்றும் செய்யா. வளிமம் வெளியேற மூடியை இறுக்காமல் துணியால் கட்டினால் போதும்.

டீசல், பெட்ரோல்: இவற்றைச் சாதாரண தண்ணீர்த் தொட்டியில் தேக்கக்கூடாது. எரிநெய் பாலியெத்திலீனுக்குள் ஊடுருவி அதை வீங்கி மெத்தென்றாக்கும், ஆவி சுவர் வழியே கசியும். நெகிழி மின்கடத்தாப் பொருளாதலால் ஊற்றும்போது தேங்கும் நிலைமின்னூட்டம் பொறியாகலாம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் வண்டிகளுக்கான டீசலுக்கு உருக்குத் தொட்டியே முறை.

கரும்புச்சக்கைப் பாகு: பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் பொதுத்துறைச் சர்க்கரை ஆலை உள்ளது. சர்க்கரை ஆலைகளில் எஞ்சும் பாகின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.4. அது சூடாக வெளிவருவது, பேரளவில் தேக்கப்படுவது. எனவே உருக்குத் தொட்டிகளில் தேக்குவதே ஆலைகளின் பொதுவழக்கம். நெகிழி எல்லாவற்றுக்கும் விடையன்று என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பழைய பீப்பாய்கள்

வேதிப்பொருள் வந்த நீலப் பீப்பாய்களை வெட்டிக் கழுவித் தண்ணீர் பிடிக்கப் பயன்படுத்துவது கட்டுமான இடங்களிலும் வயல்களிலும் காணப்படும் வழக்கம். பாலியெத்திலீன் எண்ணெய்த்தன்மையுள்ள பொருளாதலால், எண்ணெயில் கரையும் பூச்சிக்கொல்லிகளும் கரைப்பான்களும் அதன் சுவருக்குள்ளேயே ஊறிப்போகின்றன. சோப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் போவது மேற்பரப்பில் உள்ளது மட்டுமே. உள்ளே ஊறியது, பின்னர் ஊற்றும் தண்ணீருக்குச் சிறுகச் சிறுகத் திரும்பிவரும். மணம் போய்விட்டது என்பது நஞ்சு போய்விட்டது என்பதற்குச் சான்றாகாது.

பெரம்பலூர் பருத்தியும் மக்காச்சோளமும் மிகுதியாக விளையும் மாவட்டம். 2017இல் இங்குப் பருத்திக்குப் பூச்சிக்கொல்லி தெளித்தவர்களுள் சிலர் நஞ்சேறி உயிரிழந்தனர். அது தெளிப்பின்போது நேர்ந்தது, பீப்பாயால் நேர்ந்ததன்று. ஆயினும், அத்தகைய மருந்துகள் புழங்கும் ஊரில் கைமாறிவரும் பீப்பாயின் முந்தைய வாழ்வை அறியாமல் அதில் குடிநீர் ஊற்றுவது ஏன் கூடாது என்பதை அந்நிகழ்வு உணர்த்தும். என்ன இருந்தது என்று தெரியாத பீப்பாயைக் குடிநீருக்கோ மாட்டுத் தண்ணீருக்கோ பயன்படுத்தக்கூடாது. மருந்துப் பீப்பாயைத் துளையிட்டு ஒப்படைப்பதே நன்று, பிறர் எடுத்துப் பயன்படுத்த அது இடம்தராது.

நிறுவுதல்

சரியான நெகிழியும் தவறான மேடையில் உடையும். தொட்டியின் அடி முழுவதும் சமதளத்தில் படியவேண்டும். இரும்புக் கோணச் சட்டங்களின்மீதோ செங்கல் துண்டுகளின்மீதோ நிறுத்தினால், இடைவெளிகளில் அடி தொங்கி அங்கிருந்தே விரிசல் தொடங்கும். மேடையில் கூழாங்கல் கிடந்தாலும் அதுவே ஆணியாகும். குழாயின் எடை தொட்டிச் சுவரில் தொங்காதபடி தனியே தாங்கு கொடுக்கவேண்டும். வெப்பத்தில் பாலியெத்திலீன் கணிசமாக விரிவதால், விறைப்பான இரும்புக் குழாயை நேரே பொருத்தினால் வாய்ப்பகுதி பிளக்கும். வெற்றுத் தொட்டியைக் காற்று உருட்டிவிடும் என்பதால் வெறுமையாக இருக்கும் காலத்தில் கட்டிவைக்கவேண்டும். அமிலத் தொட்டியைச் சுற்றி, அதன் முழுக் கொள்ளளவும் சிந்தினால் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு அமிலம் தாங்கும் கல் பதித்த அணைசுவர் கட்டப்படும். இங்கு உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லைப் பதிக்கக்கூடாது. அமிலம் பட்டதும் அது நுரைத்துக் கரைந்துவிடும்.